தனியாக விழுங்க வேண்டிய மாத்திரை

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை மூன்று விரல்கள். ஒரு டீ கிளாஸைச் சுற்றியிருந்த அந்த மூன்றும் நடுக்கணுவிலிருந்து நுனிவரை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தன. வெளுப்பு முடிந்த இடத்தில் கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. அதற்குக் கீழே சாதாரணமான, வேலை செய்து காய்த்த மாநிறக் கை.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் முனையிலிருந்த டீக்கடை அது. மார்கழி மாதம். நான் ஒரு நாளிதழில் இரவுப் பணி முடித்து வந்திருந்தேன். அந்தப் பெண் டீயைக் குடிக்கவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளை விரல்கள் மெல்ல நீலம் பூத்து, பிறகு சிவந்தன. சிவந்த பிறகு பாதி டீயைப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கிளாஸில் ஊற்றினார். ஊற்றிவிட்டுத்தான் தன் வாயில் வைத்தார்.

"நீதான மேல் வூட்டுக்குப் புச்சா வந்துகீற பேப்பரு?" என்றார் என்னைப் பார்த்து. "அந்த வூட்டுக்குக் கீயதான் நாங்க கீறோம்."

கை ஏன் அப்படி வெளுத்தது என்று கேட்டேன்.

"ஐஸ் வேல. எறா உரிக்கிறேன். ஐஸ்ல கை வெச்சிகினே இருந்தா அப்டித்தான் ஆவும்."

"இன்னும் வேலைக்கே போகலையே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இப்பதான் பம்புல தண்ணி அடிச்சேன். அதுக்கே இப்டி" என்றார், அதை அப்போதுதான் கண்டுபிடித்தவர்போல. பக்கத்துப் பெண் சிரித்தாள். அவள் பெயர் கஸ்தூரி. கொருக்குப்பேட்டையிலிருந்து அதே ஷெட்டுக்கு வருகிறவள். "அக்காவுக்கு வெள்ளக்காரி கை வந்துச்சிண்ணே" என்றாள்.

அந்த வீட்டில் நான் குடியிருந்த வருடங்களில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. எல்லோருக்கும் அக்கா. நானும் அக்கா என்றேன். அவருக்கு நான் கடைசிவரை 'பேப்பரு'தான். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும் நாட்கள் குறைவு.

அவரிடம் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. ஓர் அறை வீடு, ஒரே ஃபேன். அதை அவர் வாசற்படியில் வைத்து, பாதிக் காற்று உள்ளேயும் பாதிக் காற்று சந்துக்கு அப்பால் எதிர் வீட்டுக்கும் போகும்படித் திருப்பி வைப்பார். எதிர் வீட்டிலும் ஃபேன் இருந்தது. "அவுங்க வூட்டு ஃபேன் சத்தம்தான் குடுக்குது, காத்து இல்ல" என்பார். ஒரு கோடையில் தெருவே கண்வலியில் சிவந்து கிடந்தபோது, ஆஸ்பத்திரியில் தனக்குக் கொடுத்த சொட்டு மருந்தை வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றினார். அந்த பாட்டிலின் முனை எத்தனை கண்களைத் தொட்டதோ. கண்வலி வராதவர்களுக்கும் பிறகு வந்தது.

இதைத் தியாகம், பெருந்தன்மை என்ற சொற்களில் எழுத எனக்கு விருப்பமில்லை. பக்கத்திலிருந்து பார்த்தவரையில் அது ஒரு கூச்சம். தன் கையில் இருப்பதைப் பிறர் பார்க்கத் தனியாக அனுபவிப்பது அவருக்கு உடம்பு கூசும் காரியம். பெரும்பாலானவர்களுக்குப் பிறர்முன் உடை மாற்றக் கூச்சம் வருவதுபோல.

அந்தக் கூச்சத்தை ஷெட் வளர்த்தது. துறைமுகத்தை ஒட்டிய அந்த இறால் ஷெட்டில் தகரக் கூரைக்குக் கீழே, பொடித்த ஐஸில் கலந்த இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போடும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அக்காவும் கஸ்தூரியும் இன்னும் ஏழு பேரும் ஒரு கூட்டு. காலை நாஷ்டாவுக்கு ஒன்பது பேரின் டப்பாவும் ஒரே அலுமினியத் தாம்பாளத்தில் கவிழ்க்கப்படும். பழைய சோறு, இட்லி, நேற்றைய குழம்பு எல்லாம் ஒன்றாகும். ஒன்பது கைகள் அதில் இறங்கும். தண்ணீர் ஒரே சொம்பு. ஒருமுறை ஒருத்தி கறிக்குழம்பு கொண்டுவந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒண்டியாகத் தின்றாளாம். அதன் பிறகு ஒரு மாதம் அவளுக்கு யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. ஐஸ் உருகி ஓடும் கால்வாய் ஓரத்திலேயே உட்கார்ந்து உரித்தாள். 'ஒண்டியா துன்றவ' என்பது அந்த ஷெட்டில் ஒரு பெண்ணைச் சொல்லக்கூடிய மிகக் கேவலமான வசவு. கெட்ட வார்த்தைகளைச் சிரித்துக்கொண்டே வாங்குகிறவர்கள் இதற்கு மட்டும் கை கலப்பார்கள்.

அடுத்த இரண்டு வருடங்களில் அவருடைய முகம் மாறியது. நாற்பதைத் தாண்டியவர். நெற்றிச் சுருக்கங்கள் மறைந்தன. கன்னம் வழவழப்பாகி இறுகியது. கூட்டுப் பெண்கள் அவரை விடவில்லை.

"இன்னாமே, ராத்திரில பார்லருக்குப் போறியா?"

"எங்களுக்கும் அந்த க்ரீமு இன்னான்னு சொல்லு. உன் புருஷன் கரையேறி வந்தா அடையாளம் தெரியாம திரும்பிப் போயிடுவாரு."

அவரும் சிரித்தார். சிரிக்கும்போது வாய் முன்பளவு விரியவில்லை என்பதை நான் கவனித்தேன். பெரிய பூரியை உருட்டி வாயில் போடுகிறவர், இட்லியைக் கிள்ளிக் கிள்ளி வைத்தார். நெஞ்செரிச்சல் என்பார். வயிறு காந்துகிறது என்பார். வயிற்றெரிச்சலுக்கான ரோஸ் நிற மருந்து பாட்டில் ஒன்று கூட்டில் எப்போதும் இருந்தது. அதன் மூடியில் ஊற்றி வரிசையாகக் குடிப்பார்கள். எல்லோருக்கும் வயிறு காந்தியது.

வலது ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு புண் வந்தது. ஆறவில்லை. இறால் மூக்கு குத்தியது என்றார். புண்ணின் மேல் துணி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு உரித்தார். இறால் உரிப்பதில் அந்த விரல்தான் ஓட்டுக்குள் நுழைய வேண்டும். அது இல்லாவிட்டால் வேலை இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். பகலில் அந்த வரிசை வீடுகளில் சும்மா இருக்கும் ஒரே ஆள் நான் என்பதால் துணைக்கும் நானே போனேன்.

டாக்டர் இளம்பெண். அக்காவின் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தார். தோல் எழும்பவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வந்திருப்பது தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்குகிற ஒரு நோய் என்றார்.

"கிருமியை அடிக்க உடம்பு அனுப்புற ஆளுங்க, ஆள் தெரியாம உங்க உடம்பையே அடிக்கிறாங்கம்மா."

"போலீசு மாதிரியாம்மா?" என்றார் அக்கா. "கல்லு உட்டவன் ஓடிடுவான். டீ குடிச்சிகினு நின்னவனுக்கு மண்ட ஒடையும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அப்படித்தான்."

வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்ததில் புண் இருந்தது. புண்ணில் கிருமி இருந்தது. இங்கே பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் இருக்கிற கிருமிதான் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலும் சின்ன வயதிலேயே, ஒரே வீட்டுக்குள், ஒரே தட்டு, ஒரே தம்ளர் என்று தொற்றுவது.

"இதுக்கும் விரலுக்கும் சம்பந்தமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"இருக்கலாம்னு சில பேர் சொல்றாங்க. இல்லவே இல்லைன்னும் சொல்றாங்க. எனக்குத் தெரியாது, சார்." அப்படிச் சொன்ன டாக்டர்கள் எனக்குக் குறைவாகவே வாய்த்திருக்கிறார்கள். "ஆனா வயித்துல புண்ணை வெச்சிக்கிட்டு விரலுக்கான மாத்திரையை நான் ஆரம்பிக்க முடியாது. முதல்ல கிருமி போகட்டும். போனதுக்கப்புறம் விரல் எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

இரண்டு வாரத்துக்கு மூன்று வகை மாத்திரைகள். காலையும் இரவும். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. ஐஸில் கை வைக்கக்கூடாது என்று தொடங்கிய டாக்டர், அக்காவின் முகத்தைப் பார்த்து, குறைந்தது கையுறையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்தார்.

கையுறையை நான் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே பஞ்சு வைத்த, கனமான ரப்பர் ஜோடி. மூன்றாம் நாள் டீக்கடையில் பார்த்தபோது அக்கா வலதுகையில் ஒன்றைப் போட்டிருந்தார். இடதுகை உறை கஸ்தூரியின் இடதுகையில் இருந்தது.

"அவளுக்கும் கை விறைக்குது பேப்பரு. எனுக்குப் புண்ணு வலது கைலதான கீது?"



மாத்திரை முடிந்து ஒரு மாதம் கழித்து மீண்டும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கிருமி அப்படியே இருந்தது. விரல் புண் உளுந்தளவு ஆகியிருந்தது. "ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "சாப்டேன்மா" என்றார் அக்கா. டாக்டர் தாளைப் புரட்டினார். மருந்து வேலை செய்யாத கிருமிகளும் உண்டு, யோசித்து வேறு எழுதுகிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

இடையில் டீக்கடையில் கஸ்தூரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பரண்ணே, அந்த டாக்டரம்மா நல்ல டாக்டருண்ணே. அக்கா குடுத்த மாத்திர நாலு நாளு போட்டேன். எரிச்சலு கொறஞ்சி போச்சி."

"உனக்குக் கொடுத்தாங்களா?"

"எல்லாருக்குந்தான். நாஷ்டா துன்னுட்டு ஆளுக்கு ஒண்ணு. முட்டாயி மாதிரி நீளமா இருந்துச்சே, அது மட்டும் ரெண்டா ஒடச்சி."

அன்று மாலை வேலைக்குக் கிளம்பும் முன் அவர் வீட்டு வாசலில் நின்றேன். மண்ணெண்ணெய் அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. ஃபேன் சந்தைப் பார்த்துச் சுற்றியது.

"மாத்திரையை ஏன் பங்கு போட்டீங்க?"

"அதுக்கு இன்னாத்துக்கு இப்ப மூஞ்சிய இப்டி வெச்சிகினு கீற? குந்து."

"உட்கார வரலை."

"ராத்திரி மாத்திர எனுது நானே முழுங்கிட்டேன். காத்தால மாத்திரதான் குடுத்தேன். அத்தன பேரு வயித்துலயும் கீதுன்னு டாக்டரம்மாவே சொல்லிச்சா இல்லியா? ஒரே தட்டுல துன்றோம். நான் மட்டும் கொன்னுட்டு குந்திகினா, அவளுங்க கையிலேர்ந்து மறுநாளே எனுக்கு வந்துடாது?"

அந்தக் கேள்வி முட்டாள்தனமானது அல்ல. அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது. "அரை மருந்துல கிருமி சாகாது அக்கா. பழகிக்கும்" என்றேன்.

"காத்தால நாஷ்டா துன்னுட்டுப் போடணும்னு சொன்னாங்க. அத்தினி பேரு பாத்துகினு இருக்கறப்ப, நான் மட்டும் பிரிச்சிப் பிரிச்சி வாய்ல போட்டுகினு இருந்தா நல்லாவா கீது?"

"வீட்லயே சாப்பிட்டு, வீட்லயே போட்டுட்டுப் போங்க."

"போயி? தாம்பாளத்தாண்ட துன்னாம குந்திகினா இன்னா ஏதுன்னு கேப்பாளுங்க. சொன்னா, 'எனுக்கு எங்கக்கா'ம்பாளுங்க." அவர் குழம்பைக் கிளறினார். "நீ மேசைல ஒண்டியா துன்றவன். உனுக்கு இது தெரியாது."

டாக்டரிடம் உண்மையை நான் சொன்னேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். வெளியே வரிசையில் நின்றவர்களின் சத்தம் கேட்டது.

"யார் யாருக்குக் கொடுத்தீங்களோ அவங்களை இங்கே கூட்டிட்டு வாங்க" என்றார் கடைசியில். "பரிசோதனை பண்ணி, தேவைப்பட்டவங்களுக்குத் தனியா நான் எழுதித் தரேன். ஆனா உங்களுது உங்க வாய்க்குள்ளதான் போகணும். சரியா?"

அக்காவின் இறுகிய முகத்தில் மகிழ்ச்சி எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. "இட்டுகினு வரேம்மா. எல்லாரையும் இட்டுகினு வரேன்."

இரண்டாவது முறைக்கான மாத்திரைகள் ஆஸ்பத்திரியில் எளிதாகக் கிடைப்பவை அல்ல. டாக்டரே இரண்டு மாடி ஏறி இறங்கி, யாரிடமோ கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிரவே தொடங்கச் சொன்னார்.

அக்கா தொடங்கவில்லை. இந்த முறை ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. பிரிக்காமல் அடுப்புக்கு மேலிருந்த பலகையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கூட்டு முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒன்பது பேருக்கும் மாத்திரை கிடைத்து, ஒரே நாளில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து விழுங்குவது என்று அவர் முடிவு செய்திருந்தார். டாக்டர் சொன்னதை அவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார். அப்படிக் கேட்டுக்கொள்ள அவருக்கு வசதியாக இருந்தது.

மாத்திரையை வாங்கிக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார்கள். ஒருத்திக்குத் தொண்டையில் குழாய் விடுவது பயம். ஒருத்திக்கு மாமியார். எல்லோருக்கும் பொதுவாக ஷெட். ஒரு நாள் வராவிட்டால் அந்த வாரம் முழுவதும் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். ஏற்றுமதிக்கு லோடு போகும் பருவம் அது. மேஸ்திரி ஒன்பது பேரை ஒரே நாளில் விடப்போவதில்லை. அக்கா ஒரு நாள் குறிப்பார். அன்று லாரி வந்துவிடும். இன்னொரு நாள் குறிப்பார்.

நான் கஸ்தூரியிடம் பேசிப் பார்த்தேன். நீங்கள் வந்தால்தான் அவர் மாத்திரை போடுவார் என்றேன்.

"இது இன்னாண்ணே நாயம்?" என்றாள் அவள். "மாத்திர அவுங்க வூட்ல கீது. வாயி அவுங்க மூஞ்சில கீது. நாங்களா கையப் புடிச்சிகினு கீறோம்? அவுங்க போட்டா நாங்க இன்னா, நாலு பேர இட்டாந்து ஒதைக்கப் போறோமா?"

"நீ இதை அவங்ககிட்ட சொல்லு."

"சொன்னேனே. சிரிக்குது." அவள் கிளாஸை வைத்தாள். "ஒரு நாளு போச்சின்னா ஒரு வாரம் எடம் போச்சிண்ணே. எனுக்கு ரெண்டு பசங்க. அக்காவுக்கே தெரியும். அது எங்கள ஒண்ணும் கொற சொல்லாது."

அது உண்மை. அவர் ஒருபோதும் குறை சொல்லவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. நான் போகும்போதும் வரும்போதும் கேட்டேன்.

"ஆரம்பிச்சீங்களா?"

"வருவாளுங்க பேப்பரு. இந்த லோடு போவட்டும்."

"வரமாட்டாங்க."

"உனுக்கு எதுவா இருந்தாலும் வுடிஞ்சா அச்சாவணும். மனுஷாளுங்க அப்டி இல்ல."

ஒரு நாள் நானே பலகையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி அவர்முன் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நீயும் ஒண்ணு போட்டுக்கோ. நேரத்துக்குத் துன்றதில்ல நீ. உனுக்கும் வயிறு காந்தும்" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே சொன்னார். நான் மாடிக்குப் போய்விட்டேன். அதன் பிறகு சில வாரங்கள் அவரிடம் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை.

அவர் விரலில் ரப்பர் பேண்ட் மட்டும் ஒரு கணு கீழே இறங்கியிருந்ததைப் பார்த்தேன். நடுவிரலையும் கட்டைவிரலையும் வைத்தே உரிக்கப் பழகிவிட்டதாகச் சொன்னார். காற்றில் செய்து காட்டினார். வேகம் குறையவில்லை என்றார். குறைந்திருந்தது. அவருடைய பேசினில் கூட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒரு கை இறாலை உரித்துப் போட்டு நிரப்புகிறார்கள் என்று கஸ்தூரி பிறகு சொன்னாள். யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

மாசியில் ஒரு காலை அவர் என் கதவைத் தட்டினார். துணியை அவிழ்த்துக் காட்டினார். ஆள்காட்டி விரலின் நுனி கரிக்கட்டைபோல் இருந்தது. வலி இல்லை என்றார். வலி இல்லாததுதான் அவரை மாடி ஏற வைத்திருந்தது.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். முதல் கணுவோடு எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து முடித்த பிறகு டாக்டர் என்னை வராந்தாவில் பார்த்தார்.

"அந்த ரெண்டாவது மாத்திரை முழுசா போட்டாங்களா?"

"ஆரம்பிக்கவே இல்லை" என்றேன்.

டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போட்டிருந்தா விரல் பிழைச்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அதனால ஒண்ணும் ஆகியிருக்காதுன்னும் சொல்ல மாட்டேன். இவங்க விஷயத்துல அதை நான் தெரிஞ்சிக்கவே முடியாமப் போச்சு. அவ்வளவுதான்." அடுத்த நோயாளியின் தாள்கள் அவர் கையில் இருந்தன. போய்விட்டார்.

மறுநாள் காலை பார்வையாளர் நேரத்தில் ஷெட்டிலிருந்து கஸ்தூரியும் மற்ற ஏழு பேரும் ஒன்றாக வந்தார்கள். அன்று லோடு ஏற்றும் நாள்; எட்டுப் பேரின் இடமும் அந்த வாரத்துக்குப் போயிருக்கும்.